ஆறாவதும் ஏழாவதும்

என் தங்கை ஏழாவது முடித்த வருடம் அம்மா அவளை அழைத்துக்கொண்டு ஓசூருக்குக் குடிபோனாள். அப்பாவும் நானும் பெங்களூர் பொம்மனஹள்ளியிலேயே தங்கிவிட்டோம். அப்பாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை, எனக்கு கார்மெண்ட்ஸில் தையல். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. தங்கை டாக்டராக வேண்டும், அவ்வளவுதான்.

யோசனை அம்மாவுடையது. அவளும் அப்போது என்னோடு அதே கார்மெண்ட்ஸில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தர்மபுரிப் பக்கத்து அக்கா ஒருத்தி சொன்னாள்: தமிழ்நாட்டில் கவர்மெண்ட் ஸ்கூலில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் தனி ஒதுக்கீடு வந்திருக்கிறது, இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். அம்மா டப்பாவைப் பாதியில் மூடிவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

எந்த வகுப்பிலிருந்து அங்கே படித்திருக்க வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் ஏரியா அரசுப் பள்ளி ஏழாவதோடு முடிந்துவிடும். கர்நாடகத்தில் ஹைஸ்கூல் என்றால் எட்டாவது. எல்லாப் பிள்ளைகளும் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேடுவது அப்போதுதான். சரியான நேரத்தில்தான் மாற்றுகிறோம் என்று நம்பினோம். அங்கே ஒதுக்கீட்டுக் கணக்கு ஆறாவதிலிருந்து தொடங்கும் என்று பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களுக்கு யார் சொல்வார்கள்?

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது நல்ல வேடிக்கை. "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா இல்ல இருக்குது" என்று அப்பாவைச் சீண்டுவாள். "இந்த வாட்டி அரசன் கைவிட மாட்டான், வுடும்மா" என்பார் அப்பா.

தங்கை இங்கே கன்னட மீடியம். தமிழ் வாயில் சரளமாக வரும், கையில் வராது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒன்பதாவதில் வகுப்பிலேயே முதல். ஞாயிற்றுக்கிழமை அம்மா மட்டும் பஸ்ஸில் வருவாள், துணி துவைத்துப் போடுவாள், வாரத்துக்கு வேண்டிய பொடிகளை அரைத்து வைப்பாள், சாயங்காலமே கிளம்பிவிடுவாள். அப்பா பஸ் ஏற்றிவிடப் போவார். ஐந்து வருடம் இப்படி ஓடியது. குடும்பம் என்ற ஒன்று எங்களுக்கு மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி.

நீட் முடிவு வந்தது. தனி ஒதுக்கீட்டில் இந்த மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கும், பொதுப் போட்டியில் கிடைக்காது என்று பள்ளியில் சொன்னார்கள். விண்ணப்பம் போட ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நான் லீவு போட்டு வந்திருந்தேன், அந்த நேரத்தில் கூட இருக்க வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆறாவது, ஏழாவது எங்கம்மா படிச்ச?"

"பெங்களூர்ல சார்" என்றாள் தங்கை.

"அப்ப இந்தக் கோட்டாவுல போட முடியாதும்மா. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூலா இருக்கணும்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. "அதுவும் கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார்!"

"எந்த கவர்மெண்ட்?" என்று கேட்டார் அவர். நக்கலாகக் கேட்கவில்லை. அம்மாதான் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் திரும்ப வைத்தாள்.

ஒரு நப்பாசையில் மறுநாள் பெங்களூரில் மல்லேஸ்வரத்துக் கவுன்சலிங் ஆபீசுக்குப் போனோம். இங்கே ஏழு வருடம் படித்திருக்கிறாளே, கர்நாடகத்து இடத்துக்காவது கேட்டுப் பார்க்கலாம் என்று. கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். "எஸ்எஸ்எல்சி எல்லி மாடித்து?" பத்தாவது எங்கே எழுதினாள் என்று. "ஓசூர்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஏழு வருடம் சரிதான், ஆனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ, இரண்டில் ஒன்று இங்கே எழுதியிருக்க வேண்டுமாம். "ஆகல்லம்மா", முடியாதும்மா என்றார். அவர் குரலில் இருந்த இரக்கம்தான் என்னை அழவைத்தது.

இரண்டு அரசும் கெட்டது ஒன்றும் செய்யவில்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் சட்டம் போட்டார்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, பிள்ளை படிப்புக்காக மறுபடி தாண்டுகிறவர்கள் உண்டு என்று மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இங்கேயே இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கவாவது விட்டிருப்பார்கள்.

தங்கையோடு ஒன்றாகப் படித்த பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. இவளைவிட மதிப்பெண் குறைவு. இவள்தான் அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். தங்கை போய் வாழ்த்திவிட்டு வந்தாள், அவர்கள் கொடுத்த லட்டைக் கொண்டுவந்து எங்களுக்கும் பிட்டுக் கொடுத்தாள். பி.எஸ்ஸி. சேர்க்கலாம் என்றால், கல்லூரிப் பெண்களுக்கு மாதாமாதம் வரும் உதவிக்கும் அதே ஆறாவதும் ஏழாவதும் குறுக்கே நின்றன.

போன மாதம் ஓசூர் வீட்டைக் காலி செய்தோம். சாமான்களைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். அப்பா காலையிலேயே கோழி வாங்கி வைத்திருந்தார். நாலு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டு எத்தன வருசமாச்சு" என்றார் அப்பா. பேச்சை எப்படியாவது தொடங்க வேண்டுமே என்றுதான் சொன்னார். சொன்ன பிறகு அவராலேயே சாப்பிட முடியவில்லை. அம்மா குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தங்கைதான் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?"

எடுக்கிறார்கள். கேட்டில் போர்டே தொங்குகிறது.

"இல்லடி" என்றேன்.