கௌசர் மாற்றிச் சொன்னது

கோல் அடித்தால் கௌசர் கை தூக்கமாட்டாள், குதிக்கமாட்டாள். தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடப்பாள். இந்தியக் கால்பந்து அணிக்காக முப்பத்தோரு ஆட்டம், பதினொரு கோல். பதினொன்றுக்கும் இதே கதைதான். 'அடக்கமான பெண்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். அடக்கமாவது மண்ணாவது! பந்து வலைக்குள் போனதும் அவளுக்கு மதியின் முட்டிதான் ஞாபகம் வரும். அப்புறம் எங்கே குதிப்பது?

மதி யார் என்று கேட்பீர்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடிக்காரி. கௌசர் புளியந்தோப்பு, வீட்டில் பேசுவது உருது. பத்து வயதிலிருந்து இருவருக்கும் ஒரே மைதானம். ஒரே ஜோடி பூட்ஸை ஆளுக்குப் பாதி ஆட்டம் மாட்டிக்கொண்ட சிநேகிதம். மதி நடுவில் நின்று பந்தை அனுப்புவாள், கௌசர் முன்னால் ஓடி உள்ளே தள்ளுவாள். உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு பேரில் கெட்டிக்காரி மதிதான். கௌசருக்கும் அது நன்றாகத் தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு டிசம்பரில், குவாலியரில் தேசிய ஜூனியர் போட்டி. தமிழ்நாடு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. இந்திய அணியின் பயிற்சி கேம்புக்கு ஆள் பொறுக்கக் கமிட்டிக்காரர்கள் வந்து உட்காரப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து, அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் மதி கால் மடங்கி விழுந்தாள். மறுநாள் காலை மைதானத்து டாக்டரிடம் காட்டிவரச் சொல்லி கோச் அனுப்பினார். துணைக்குப் போனவள் கௌசர். டாக்டர் பேசியது முழுக்க இந்தி. மதிக்கு அதில் பத்துவரை எண்ணக்கூடத் தெரியாது. கௌசருக்கோ வீட்டுப் பேச்சு மாதிரி.

டாக்டர் முட்டியை அசைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். உள்ளே ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, இவள் ஆடவே கூடாது என்று கௌசரைப் பார்த்து அழுத்திச் சொன்னார். சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் மதி.

மதி ஆடாவிட்டால் பந்து வராது. பந்து வராவிட்டால் கோல் இல்லை. கோல் இல்லாவிட்டால் கேம்ப் எங்கே, இந்தியா எங்கே? பாவி மனசு, கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவையும் யோசித்துவிட்டது.

"சுளுக்குதான்மே. டைட்டா கட்டிகினு ஆடலாமாம்."

கோச்சிடமும் அதையே சொன்னாள். சீட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டாள்.

இறுதி ஆட்டத்தில் மதி கொடுத்த பந்தில் கௌசருக்கு இரண்டு கோல். இரண்டாவதைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மதி முட்டியைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்து அலறினாள். கௌசர் கேம்புக்குப் போனாள். மதி மாவுக்கட்டோடு ரயிலேறினாள்.

அதன்பிறகு கௌசருக்கு ஏறுமுகம்தான். கோழிக்கோட்டில் ஒரு கிளப், கொல்கத்தாவில் ஒன்று, காத்மாண்டு, தாஷ்கண்ட், கடைசியில் ரயில்வே வேலை. மதிக்கு ராயபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடும் ஸ்டூல். வெளிநாடு போகும்போதெல்லாம் கௌசர் முட்டிக்கு உறை, ஸ்ப்ரே என்று ஏதாவது வாங்கி வருவாள். மதி அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "என் தோஸ்து ஃபாரின்லேந்து வாங்கியாந்தது" என்பாள். கேட்கும்போது கௌசருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போய், பிரியாணிப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல. கோழை!

இந்த வருடம் கௌசர் ஆட்டத்தை நிறுத்தினாள். அதே மாதம் மதியின் முட்டி இறுகிப்போய், படியேற முடியாமல் ஆகிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் நடையே போய்விடும் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். மதி முடியவே முடியாது என்றுவிட்டாள். அவள் அம்மா சொக்கம்மாள் கௌசரைத் தேடி வந்து அழுதாள்.

"நீ சொன்னா கேப்பாம்மா. எங்க பேச்ச காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா."

மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கௌசர் போனாள். ஆபரேஷன் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மதி பொரிந்து தள்ளிவிட்டாள்.

"டாக்டருங்க பேச்ச நம்பித்தான்டி எனக்கு இந்த கதி! அன்னிக்கு அந்தாளு சுளுக்குன்னான். கட்டிகினு ஆடுன்னான். அந்த சோமாரி மட்டும் ஒழுங்கா பாத்துருந்தா நானும் உன்கூட ஆடிகினு இருந்துருப்பேன். இனிமே எவன் சொன்னாலும் கத்தி வைக்க வுடமாட்டேன்."

பன்னிரண்டு வருடமாக ஒரு நல்ல மனிதர் கௌசருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் மதியின் கால் போய்விடும். திறந்தால் மதியே போய்விடுவாள்.

"அவரு அப்டி சொல்லல மதி. நான்தான் மாத்திச் சொன்னேன்."

மதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துப்போனது.

"அவரு இன்னா சொன்னாரோ அத்த அப்டியே சொல்லு."

கௌசர் சொன்னாள், அதே இந்தியில், ஒரு வார்த்தை விடாமல். மறந்திருந்தால்தானே!

"இப்ப தமிழ்ல சொல்லு."

"உள்ள ஜவ்வு பாதி கிழிஞ்சிகீது. ஆடக்கூடாது, ஆடுனா மீதியும் பூடும். எட்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா சரியா பூடும். அப்பறம் எப்பவும் போல ஆடலாம்னாரு."

"எட்டு வாரமா?"

மதி விரல் மடக்கினாள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி.

"மார்ச்சுல ரெண்டாவது கேம்ப் வச்சாங்கல்ல?"

"வச்சாங்க. 'உனுக்கு பந்து குடுத்த பொண்ணு எங்க'ன்னு கேம்புல என்னாண்ட கேட்டாங்க." கௌசர் அழுதுவிட்டாள். "நான் வந்து கூட இருந்து பாத்துக்கறேன் மதி. ஆபரேஷன் பண்ணிக்க."

மதி மேஜை இழுப்பறையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"பண்ணிக்கறேன். எங்கம்மாவ இட்டுகினு போறேன்" என்றாள். "அங்க தமிழ்லதான் பேசுவாங்க. நீ வர வேணாம்."