என் மகன் எந்தக் காற்றில் போனான்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒழுங்காக வராது. சொன்னதையே திரும்பவும் சொல்லுவேன், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்மார் திருகோணமலைக்குப் பயணம் போனார்கள். நானும் வருகிறேன் என்றதும் மருமகளுக்கு அதிசயம். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டாலும் கூச்சத்தில் போகாதவள் நான். அங்கே துறைமுகத்தின் பழைய கதைகளைச் சொல்லும் நூதனசாலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடலைத் தெரிந்த ஆட்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

எட்டு வருசத்துக்கு முன் என் மகன் கல்முனையில் இருந்து ஆழ்கடல் போட்டில் மீன் பிடிக்கப் போனான். ஆட்களும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டும் வரவில்லை. புருசன் மவுத்தாகிவிட்டால் பெண்கள் துக்கம் காத்து இருக்கும் இத்தாவை மூன்றாம் வருசம் மருமகள் இருந்து முடித்தாள். நான் தடுக்கவில்லை. ஆனால் என் மனதில் அவன் இன்னும் மவுத்தாகவில்லை.

நூதனசாலையில் என்னைவிட உயரமான நங்கூரம் இருந்தது. சுவரில் பெரிய கடல் படம், அதில் சிவப்பும் நீலமுமாக அம்புக்குறிகள். விளக்கம் சொன்னவர் முஸ்லிம் இல்லை, நடுத்தர வயதுத் தமிழர். பாய்க்கப்பல் காலத்தில் மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்றோடு பர்மாப் பக்கம் போனவர்கள், மாரியில் வாடை கிளம்பும் வரைக்கும் அங்கேயே காத்திருந்துதான் திரும்புவார்களாம். வாடைக் காலத்தில் கிழக்குக் கரையில் கப்பல் ஒதுங்க இந்தத் துறைமுகத்தை விட்டால் வேறு இடமில்லையாம். அதற்காகத்தான் வெள்ளைக்காரர்கள் இதற்குச் சண்டை பிடித்தார்களாம். என் மகனும் இங்கே ஒதுங்கியிருக்கலாமே என்று நினைத்தேன்.

மற்றவர்கள் பீரங்கி பார்க்க நகர்ந்தார்கள். நான் படத்தை விட்டு அசையவில்லை.

“மாமி கப்பல் ஒண்டு வாங்கித்தான் வருவா போல” என்று ஒரு டீச்சர் சிரித்தா.

“வாங்கினாலும் உங்கள ஏத்த மாட்டா. நீங்க ஏறினாக் கப்பல் தாழுமே” என்ற மருமகள், உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அந்த மனிதரிடம் மெல்லக் கேட்டேன்.

“தம்பி, கல்முனைக் கடல்ல இஞ்சின் நிண்டுபோன போட் எங்கால போகும்?”

“எந்த மாசம் அம்மா?”

“றபீஉல் அவ்வல். நபி பிறந்த மாசம், மௌலூது ஓதுற மாசம்.”

“அது எனக்கு விளங்காதம்மா. தை, மாசி எண்டு சொல்லுங்கோ.”

வருசாவருசம் மௌலூதுக்கு அவன் பேரில் சோறு கொடுக்கிறோம். பிறைக் கணக்கு என்பதால் அந்த மாதம் ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். ஒரு வருசம் வாசல் சேறு, ஒரு வருசம் கொதிக்கும் வெயில். அவன் போனது எந்தக் காலம் என்பது அதில் கலந்துபோய்விட்டது.

“ஆனி மாசம். கச்சான் அடிச்ச நேரம்” என்றாள் மருமகள்.

அவர் சிவப்பு அம்பைத் தொட்டார். “அப்ப கிழக்கால, அந்தமான், பர்மாப் பக்கம் இழுக்கும். ஆக்கள் இருக்கிற இடம்தான் அம்மா.”

“இந்த நீலம்?”

“அது வாடைக்கு. தெற்கால, கரையே இல்லாத நடுக்கடலுக்கு...” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள, ஆனிதானா?”

“ஓம் மாமி. ஆனிதான். கண்ண மூடிப் படுங்க.”

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று நினைவு வந்தது. அவன் போன அன்று பக்கத்து வீட்டு ஆண்கள் எல்லாரும் நாவிதன்வெளி வயலுக்கு நெல் விதைப்புக்குப் போயிருந்தார்கள். போட்டுக்கு ஐஸ் பெட்டி தூக்க ஆளில்லாமல் நானே ஒரு பக்கம் பிடித்தேன். சிறுபோகம் சித்திரையில் விதைப்பார்கள், பெரும்போகம் வாடை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில். ஆனியில் எங்கே விதைப்பு?

மருமகளிடம் திரும்பக் கேட்கவில்லை. எட்டு வருசத்துக்கு முந்திய றபீஉல் அவ்வல் எந்த மாதத்தில் விழுந்தது என்று, கலண்டர் பார்க்கத் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். விதைப்பை நான் பிழையாக நினைத்திருந்தால் அல்லாஹ்வுக்குப் புகழ். வாடை என்று வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்டது மருமகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.