மூன்று படி உயரத்தில் ஒரு நாற்காலி

கனடாவில், ஸ்காபரோவில், அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு வீடு வாங்கியபோது ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் பெரியப்பா குடும்பம் மேலே, நாங்கள் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்டில். அடுத்த தைப்பொங்கலன்று பொங்கிச் சாப்பிட்டுவிட்டு இடம் மாறுவது. கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்தென்ன, கையெழுத்தென்ன என்று விட்டுவிட்டார்கள்.

மூத்தவர் முதலில் மேலே போனார். எனக்கு ஒன்பது வயது. மேலே தெருவைப் பார்த்த ஓர் அறையில் எனக்குக் கண். பேஸ்மென்ட் யன்னலில் தெரிவதெல்லாம் ஸ்னோவும் போகிற வருகிறவர்களின் சப்பாத்தும்தான். பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிவிட்டேன்.

பொங்கல் வந்தது, போனது. "ஸ்னோ கரையட்டும்" என்றார் பெரியப்பா. கரைந்தது. "பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் முடியட்டும்" என்றார். அதுவும் முடிந்தது. மேலே காலடிச் சத்தம் கேட்டால் அப்பா சீலிங்கை அண்ணாந்து பார்ப்பார். நான் பெட்டியை அவிழ்க்கவேயில்லை. கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட சட்டையைக் கசங்கியபடியே போட்டுக்கொண்டு திரிந்தேன். பெரியப்பாவில் எனக்குச் சரியான கோபம்.

அந்த நேரம் பார்த்து ஊர்ச் சங்கத்தின் கலைவிழாவுக்கு நாடகம் பழக்குகிற மாஸ்டர் ஒரு பழைய கிரேக்கக் கதையைக் கொண்டுவந்தார். இரண்டு சகோதரர்கள் அரியணையில் வருஷத்துக்கு ஒருவராக இருப்பதென்று பேசிக்கொள்கிறார்கள். தன் வருஷம் முடிந்தும் அண்ணன் இறங்க மறுக்கிறான். தம்பி படையோடு வருகிறான். ஒருவரை ஒருவர் குத்திச் சாகிறார்கள். மாஸ்டர் அண்ணனாகப் பெரியப்பாவையும் தம்பியாக அப்பாவையும் போட்டார். கூத்தாடின குரல் அவர்களுக்குத்தான் இருக்கிறதாம். தெரிந்துதான் போட்டாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்குள் முகம் பார்த்துக் கதைக்காத இருவரும் பின்னேரங்களில் மேலே ஹோலில் நின்று அரியணைக்காக அடிபட்டார்கள். கீழே படுத்திருந்தே எனக்கு முழு நாடகமும் பாடமாகிவிட்டது.

விழா அன்று, அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அம்மாவும் பெரியம்மாவும் நானும் முன்வரிசை. மூன்று படி உயரத்தில் ஒரு நாற்காலி, அதில் சரிகைக் கிரீடத்தோடு பெரியப்பா. கீழே அப்பா. "அண்ணா, உன் ஆண்டு முடிந்தது. இறங்கு" என்றார். பழகும்போது கத்துவார். அன்றைக்கு மெல்லத்தான் சொன்னார்.

அடுத்த வசனம் பெரியப்பாவினது. அப்பாவையே பார்த்தார். பிறகு எழும்பி, ஒரு படி கீழே கால் வைத்தார். கை கிரீடத்துக்குப் போனது. பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனிசன் வசனத்தை மறந்துபோனார், எங்கள் மானம் போகப்போகிறது. எழும்பி நின்று கத்தினேன். "பெரியப்பா, 'இறங்க மாட்டேன், முடிந்தால் இறக்கிப் பார்' எண்டு சொல்லுங்கோ."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. திரும்ப ஏறி இருந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். அப்பா வாளை உருவினார். இருவரும் அருமையாகச் செத்தார்கள், கைதட்டல் ஓயவில்லை.

"நான் சொல்லிக் குடுக்காட்டி நாடகம் குழம்பியிருக்கும், என்னப்பா?" என்று காரில் கேட்டேன். "ஓம் பிள்ளை" என்றார் அப்பா. நாங்கள் மேலே போகவேயில்லை. அடுத்த வருஷம் வீட்டை விற்றார்கள். அதோடு சகோதரர்களுக்குள் பேச்சு நின்றது, இன்றுவரைக்கும்.

போன கோடையில் யூனியன்வில்லில் ஒரு கலியாணவீட்டில் பெரியம்மா என் பக்கத்தில் வந்திருந்தார். "உன்ரை பெரியப்பா ஒருநாளும் வசனம் மறந்த ஆளில்லை, பிள்ளை" என்றார். "அண்டைக்குக் காலமைதான் எங்கடை சாமான் கட்டவெண்டு பெட்டியள் வாங்கியந்து கராஜுக்குள்ளை வைச்சவர்."

அந்தப் பெட்டிகள் எனக்கு நல்ல நினைவு. நாடகத்துக்கு மறுநாள் கராஜில் கண்டு, யாருக்கென்று கேட்காமல் இழுத்துவந்து, டிரைவ்வேயில் படிகளாக அடுக்கி அரியணை செய்தேன். உச்சியில் ஏறி இருந்து "இறங்க மாட்டேன்" என்று நாள் முழுக்கக் கத்தி விளையாடினேன். மேல் யன்னலில் பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குக் கை காட்டினேன்.