வேங்கிக்காலில் தைத்த 1943

சுரேஷ்குமார் செல்போனை வெள்ளையம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினான். "இது இன்னாக்கா?"

படத்தில் ஒரு கித்தான் உறை. அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் தண்ணீர்க் குடுவையை இடுப்பில் மாட்டிக்கொள்வதற்கானது. யாரோ மடிப்பைப் பிரித்து உள்பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்திருந்தார்கள். அங்கே பச்சை நூலில் குட்டியாக ஒரு பிள்ளையார் சுழி.

"நான் போட்டதுதான். புது ஆர்டருக்கு மொத உருப்படி. சுழி போடாம நான் ஊசிய எறக்கினதில்லயே."

"சாமி கும்புடணும்னா கோயிலுக்குப் போயேன்க்கா! சரக்குலயா போடுவ?"

வெள்ளையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் பிறந்து, லாரித் தார்ப்பாய் தைப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவள். மஞ்சள் காமாலையில் புருஷன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாள் அவன் மிஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற தார்ப்பாயை முடித்துக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றால் தையல் கோணிக்கொள்ளும் என்று அழுகையை ஒத்திவைத்தாள். பிறகு அழ நேரம் கிடைக்கவில்லை. லாரி சீட்டு, பள்ளிக்கூடப் பை, பந்தல் துணி என்று வந்ததையெல்லாம் தைத்தாள். புருஷனின் மிஷின் தேய்ந்து உட்கார்ந்தபோது சுரேஷ்குமார் வந்தான். வேங்கிக்காலில் ஏற்றுமதி ஆபீஸ் திறந்திருந்தான். கனத்த துணி தைக்கும் மிஷின் ஒன்றை அவள் வீட்டில் இறக்கி, மாதிரிக்கு ஒரு நிஜமான பழைய உறையையும் கொடுத்தான்.

"வெளிநாட்டுச் சண்டைப் படத்துக்குக்கா. அச்சு அசலா பழசு மாதிரி இருக்கணும்."

உறை, தோட்டாப் பை, பெல்ட்டு என்று அஞ்சு வருஷம் தைத்தாள். அவன் கொடுத்த ரப்பர் ஸ்டாம்பால் ஏதோ கம்பெனிப் பெயரையும் 1943 என்பதையும் குத்தினாள். டீத்தண்ணீரில் ஊறவைத்து, துவைக்கிற கல்லில் தேய்த்தாள். தேய்க்கிற யோசனை அவளுடையதுதான்.

அது எந்தப் படத்துக்கும் போகவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் பையும் பெல்ட்டும் தைத்த கம்பெனிகள் எவை என்று பதினேழு வருஷமாகத் தேடிப் பட்டியல் போடுகிறார். கூடாரம் தைத்தவன், கார் சீட்டு உறை தைத்தவன், கடை வாசலுக்கு வெயில் மறைப்பு தைத்தவன் எல்லோரும் அப்போது பட்டாளத்துக்குத் தைத்தார்களாம். சுழியைப் பார்த்த அவர், சரக்கைச் சோதித்த ஆள் போட்ட குறி என்று பட்டியலில் எழுதியிருந்தார். அங்கே வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்து, அது பிள்ளையார் சுழி என்று அவரிடம் சொல்லிவிட்டாள். பார்சல் வந்த ஊரையும் பார்த்துவிட்டு, வாத்தியார் சுரேஷ்குமாருக்கே மெயில் போட்டுவிட்டார்.

"நாளைக்கு சாயந்திரம் வீடியோல பேசுவாரு. சண்ட முடிஞ்சி மெட்ராஸ்ல ஏலம் வுட்ட சரக்கு, மாமனார் வாங்கிப் பரண்ல போட்டாரு, பிரிஞ்சத நான் தச்சப்ப சுழி போட்டேன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"எம்மாமனாரு மாட்டுத் தரகருடா."

"அது அவனுக்குத் தெரியுமா? சொல்லலன்னா மிஷின எடுத்துக்கினு போயிடுவேன்க்கா. அப்புறம் என்னிய குத்தம் சொல்லாத."

அவன் போனதும் வெள்ளையம்மாள் தங்கை மகள் ஆர்த்தியைக் கூப்பிட்டாள். சுரேஷ்குமார் ஆபீஸில் பார்சல் கட்டுவதும் இங்கிலீஷில் மெயில் போடுவதும் ஆர்த்திதான்.

"இன்னான்னு சொல்லி விக்கறீங்க?"

"நெஜம்னுதான் பெரிம்மா."

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

ஆர்த்தி தரையைப் பார்த்தாள். வெள்ளையம்மாள் அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். பிறகு அந்தக் கையாலேயே விளக்குமாற்றை எடுத்து, பெருக்கின வீட்டை மறுபடி பெருக்கினாள்.

மறுநாள் ஆபீஸில் வாத்தியார் திரையில் வந்தார். இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஆர்த்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளையம்மாள் ஆரம்பித்தாள்.

"இத தச்சது நான். பழசு கெடையாது. போன வருஷம் ஆடியில தச்சேன். சொல்லுடி."

ஆர்த்தி சுரேஷ்குமாரைப் பார்த்தாள்.

"அவன் மூஞ்சில இன்னா எழுதியிருக்கு? நான் சொல்றத சொல்லு. சினிமாக்குன்னு நெனச்சேன்னு... வேணாம், அத வுடு. ஸ்டாம்பு குத்துனது என் கை. அத சொல்லு."

ஆர்த்தி சொன்னாள். வாத்தியார் தலையை ஆட்டி, அப்படியானால் சுழி இருப்பதையெல்லாம் நீக்கிவிடுகிறேன் என்றார்.

"மொத உருப்படிக்கு மட்டுந்தான்யா சுழி. அந்த ஆர்டர்ல நானூறு. மத்ததுல ஒண்ணுமே இருக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நூற்றொரு வயதுப் பட்டாளத்துக்காரர் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். இது அசல்தான் என்று இவர் எழுதிக் கொடுத்ததை நம்பி, அவர் மகள் ஓர் உறையை வாங்கி அப்பாவின் கட்டிலில் மாட்டிவைத்திருக்கிறாள். அவளுக்கு இனி என்ன பதில் சொல்வது என்றார்.

"ஒரு இழய உருவிக் கொளுத்திப் பாத்தாரான்னு கேளு. பருத்தின்னா சாம்பலாவும். என் நூலு பாலியஸ்டர், உருகி உருண்ட கட்டும். பதினேழு வருஷம் பாக்கறவரு இதப் பாக்க வேணாமா?"

"பெரிம்மா, இதயுமா சொல்லணும்?"

"இதத்தான் மொதல்ல சொல்லணும்."

பழைய பொருளுக்கு நெருப்பு வைக்க மனம் வரவில்லை என்று அவர் பதில் சொன்னார்.

"மனசு வரலியாம்! எழுதிக் குடுக்க மட்டும் வந்துச்சா? அந்தப் பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்லச் சொல்லு. கெழவன் கண்ண மூடினப்புறம் யாருக்கு வேணும் அது?"

சுரேஷ்குமார் பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது. "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேக்கா."

"என் கையால ஊர ஏமாத்தினவன் நீ. அக்காவாம் அக்கா!"

காலையில் வேனோடு வந்தான். ஒரு கை பிடிக்கச் சொன்னதற்கு வெள்ளையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவன் டிரைவரோடு சேர்ந்து முக்கி முனகி மிஷினை வாசற்படி தாண்டி இறக்கினான். மிஷின் இருந்த இடத்தில் பஞ்சும் நூல் துணுக்கும் கிடந்தன. ஆர்த்திக்கும் வேலை போயிருந்தது. வெள்ளையம்மாள் தான் தைத்த சரக்குக்கெல்லாம் அடையாளம் சொல்லச் சொல்ல, அவள் தன் செல்போனில் வாத்தியாருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டாப் பை, அறுநூறு. மூடி ஓரத்துல மூணு தடவ திருப்பித் தச்சிருப்பேன், எடது பக்கம். எழுதினியா?"

"எழுதிட்டேன். படிச்சா திட்டற மாதிரி இருக்கு பெரிம்மா."

"இருக்கட்டும். அடுத்தது பெல்ட்டு."