டெல்பர்ட்டின் வலது கை

டெல்பர்ட் ஸ்டிக்லர் ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில் மாடு வளர்த்துப் பிழைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் மாட்டுக்காரர் இல்லை, பாப்டிஸ்ட் சபையின் வாசல்காரர். கோயில் கதவருகே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பார். பெரியவர், சின்னவர், முந்தின நாள் வேலித் தகராறு போட்டவர் என்று ஆள் பார்க்கமாட்டார். அவருக்குக் கை கொடுக்காமல் உள்ளே போனவர் கிடையாது. யாராவது சுட வந்தால் தடுக்க, கோட்டுக்கு அடியில், இடுப்பில், ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். அது ஊருக்கே தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன குளிர்காலத்தில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். டெல்பர்ட் மாத்திரையை விழுங்கிவிட்டு, கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, நடுக்கமே இல்லையென்று சாதித்தார். மனைவி வனீடா அவர் கோப்பையில் காப்பியைப் பாதி மட்டும் ஊற்ற ஆரம்பித்தாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

கோடை வந்ததும் பாஸ்டர் லாயிட் அறிவித்தார். கோயிலுக்குத் துப்பாக்கியோடு வருகிறவர்கள் எல்லாரும் ராண்டி கோல் என்பவளிடம் பயிற்சி எடுக்கவேண்டும். அவள் முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை பார்த்தவள். அவள் வேண்டாம் என்று சொன்னால் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கவேண்டும்.

“துப்பாக்கி இல்லாம வாசல்ல நான் எதுக்கு? பூந்தொட்டி மாதிரியா?” என்றார் டெல்பர்ட் அன்று சாப்பாட்டு மேசையில்.

“பூந்தொட்டி பேசாது. உனக்கு அந்த யோக்கியதை கூடக் கிடையாது,” என்றாள் வனீடா. “நானும் வரேன். பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துட்டு வரேன்.”

சனிக்கிழமை காலை, பழைய மாட்டு ஏலக் கொட்டகையில் பயிற்சி. ராண்டி முதலில் எல்லார் துப்பாக்கியையும் வாங்கித் தன் வண்டியில் பூட்டினாள். ஒவ்வொருவர் இடுப்பையும் தடவிப் பார்த்தாள், பாஸ்டர் இடுப்பு உட்பட. பிறகு சாயக்குண்டு போட்ட பயிற்சித் துப்பாக்கிகளைக் கொடுத்தாள். ஆளுக்கொரு நிறம், டெல்பர்ட்டுக்கு நீலம்.

“பிரதர்களே, அட்டையில வட்டம் போட்டுச் சுடுறதுல நீங்க எல்லாரும் புலிதான்,” என்றாள் ராண்டி. “அட்டை ஓடாது. அதுக்குப் பின்னாடி உங்க பொண்டாட்டி உக்காந்திருக்கவும் மாட்டா.”

பெஞ்சுகளைக் கோயில் மாதிரி வரிசையாகப் போட்டு, சமையலுக்கு வந்த பெண்களைச் சபையாராக உட்காரவைத்தாள். எல்லாருக்கும் முகக்கவசம். வனீடா மட்டும் அதற்கு மேலே தன் வெள்ளைத் தொப்பியையும் வைத்துக்கொண்டாள். தொப்பியில்லாமல் அவள் கோயிலுக்குப் போனதில்லை, இது கொட்டகை என்று சொல்லியும் கேட்கவில்லை.

ராண்டியின் கணவன் டாய்ல்தான் கெட்டவன் வேஷம். உள்ளே வந்தான், கத்தினான், துப்பாக்கியை எடுத்தான். அவ்வளவுதான். டெல்பர்ட்டோடு சேர்த்துத் துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்து சுட்டார்கள். சத்தம் அடங்கியபோது பாஸ்டர் முதுகில் பச்சை, இன்னொருவர் தொடையில் மஞ்சள், பெஞ்செல்லாம் சிவப்பு. டாய்ல் மேல் ஒரு பொட்டுகூட இல்லை.

“எனக்கு இங்க வேலையே இல்லையே. நீங்களே முடிச்சுட்டீங்க,” என்றான் டாய்ல்.

எல்லாரும் சிரித்தார்கள். டெல்பர்ட் சிரிக்கவில்லை. வனீடாவின் தொப்பியில் நீலம் வழிந்துகொண்டிருந்தது.

வனீடா தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

டெல்பர்ட் பயிற்சித் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். “ராண்டி, நீ சொல்லவேண்டியதில்ல. நானே சொல்லிடறேன். இந்தக் கை இனிமே ஆகாது.” நடுங்கும் கையை முதல்முறையாக எல்லார் முன்னாலும் வெளியே நீட்டினார். யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. பாஸ்டர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாயம் பட்டதென்றார்.

ராண்டி அந்தத் துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தாள். “சரி. ஆனா அடுத்த சுற்றுக்கு வாசல்ல ஆள் வேணும். உங்க ஞாயித்துக்கிழமை வேலைய அப்படியே செய்யுங்க. வெறுங்கையோட.”

அவர் போய் நின்றார். டாய்ல் கொட்டகைக்கு வெளியிலிருந்து நடந்து வந்தான். வெயிலில் தடித்த ஜாக்கெட், வலது கை அதற்குள். டெல்பர்ட் கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டுப் படியிறங்கி அவனை நோக்கிப் போனார்.

“வாங்க தம்பி. உங்கள இந்தப் பக்கம் பாத்ததில்லையே. சாப்பிட்டீங்களா?” என்று கையை நீட்டினார்.

டாய்லும் இதே ஊரில் வளர்ந்தவன். பெரியவர் கை நீட்டினால் கை கொடுக்காமல் நிற்க அவன் உடம்புக்குத் தெரியாது. ஜாக்கெட்டுக்குள் துப்பாக்கியை விட்டுவிட்டு வலது கையை வெளியே எடுத்தான். டெல்பர்ட் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிடி நடுங்கியது, ஆனால் விடவில்லை. அவர் “லாயிட்” என்று குரல் கொடுத்ததும் பாஸ்டர் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

“நான் கெட்டவன்னே மறந்துபோச்சு,” என்றான் டாய்ல் பரிதாபமாக.

“வீட்டுலயும் அப்படித்தான்,” என்றாள் ராண்டி. பிறகு டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். “நிஜமா வர்றவன் கை கொடுக்கமாட்டான். அத நம்பி இருக்காதீங்க. ஆனா இவங்க துப்பாக்கி வெளிய வந்தப்புறம்தான் பாத்தாங்க, நீங்க அதுக்கு முன்னாடியே ஜாக்கெட்டுக்குள்ள இருந்த கையப் பாத்தீங்க. கதவையும் சாத்தினீங்க. கை கொடுக்காதவனப் பாத்தா உள்ள குரல் கொடுங்க, நீங்க ஒதுங்கிடுங்க. வாசல் உங்களோடதுதான். துப்பாக்கி வீட்டுல.”

மறுநாள் காலை அவர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை வனீடாவிடம் கொடுத்தார். அவள் கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதே வெள்ளைத் தொப்பி, அதே நீலக்கறை.

“அது சோப்புல போயிடும்னு ராண்டி சொன்னாளே,” என்றார்.

“தெரியும். கழுவறதா இல்ல,” என்றாள் வனீடா. “வாசல்ல முதல்ல எனக்குத்தான் கை கொடுக்கணும்.”

வாசலில் அவர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து முதலில் அவளிடம்தான் நீட்டினார்.