வீட்டுக்கு வேண்டிய ஐந்தாண்டுகள்

1. திங்கட்கிழமை வரிசை

எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்கள் திங்கட்கிழமை காலையில்தான் வருவார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் அத்தொழிற்சாலையின் டைம் ஆபீசில் நான் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன். வருகைப் பதிவு, ஷிப்ட் மாற்றம், விடுப்பு ஆகியவற்றோடு தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதியும் என் மேசைக்கு உரியது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, நிறுவனமும் தன் பங்கைச் சேர்த்து, அரசின் பொறுப்பில் சேமித்து வைக்கும் கணக்கு அது. எல்லோரும் அதைப் பி.எஃப். என்றே சொல்வார்கள். பேச்சில் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்தக் கணக்குக்கு ஓர் எண் உண்டு. வேலை மாறினாலும் எண் மாறக் கூடாது. பழைய எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்தால் பணமும் பணிக்காலமும் அறுபடாமல் தொடரும். சேர்க்கைப் படிவத்தில் 'முந்தைய எண் உண்டா?' என்று ஒரு கட்டமே இருந்தது. முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அடுத்த ஷிப்ட் தொடங்குமுன் அவர்களை உள்ளே அனுப்பியாக வேண்டும். ஆகவே அக்கட்டத்தை நான் ஒரே கேள்வியால் நிரப்பினேன்.

"புதுசுதானேப்பா?"

"ஆமாங்க மேடம், புதுசுதாங்க."

அவர்களுள் பாதிப்பேர் புதியவர்கள் அல்லர். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கம் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, ஒரு சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டுத் திங்களன்று எங்கள் வாசலுக்கு வருவது இவ்வட்டாரத்தில் வெகுநாள் வழக்கம். முறைப்படி எழுதிக் கொடுத்து விலகினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இங்குள்ள இடம் வேறொருவருக்குப் போய்விடும். பழைய எண்ணைச் சொன்னால் நாங்கள் அங்கே தொலைபேசியில் விசாரிப்போம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதைத் தேடி இணைக்க அரைமணி நேரமாகும் என்ற சலிப்பு எனக்கு இருந்தது. அச்சமும் சலிப்பும் ஒன்றுக்கொன்று வசதியாகப் பொருந்திக்கொண்டன. ஆதார் அப்போது இந்த அளவுக்குக் கட்டாயமாகவில்லை. புதிய எண் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

அப்படி ஒரு திங்களன்று தலையாட்டியவர்களுள் அன்வரும் ஒருவர்.

2. நான்கு ஆண்டும் இரண்டு மாதமும்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு நண்பகல் இடைவேளையில் அன்வர் தம் மனைவி ஷமீமாவோடு என் மேசைக்கு வந்தார். அன்வர், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் எங்கள் சி.என்.சி. பிரிவில் எந்திரம் இயக்குபவர். ஷமீமாவும் வேலைக்குப் போகிறவர் என்பது அவர் கையில் மடித்து வைத்திருந்த நீலக் கோட்டைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைப் பெண்கள் அணியும் கோட்டு அது. தெரிந்ததோடு சரி, அதற்குமேல் நான் எண்ணவில்லை.

வீடு வாங்குவதாகச் சொன்னார்கள். அவர்கள் குடும்பத்தில் சொந்த வீடு என்பது அதுவே முதல் முறை.

"எந்தப் பக்கம்ப்பா?" என்றேன்.

"கெலமங்கலம் போற ரோட்டுலங்க மேடம். ரெண்டு ரூம்பு, ஒரு சமையக்கட்டு. ஓசூருக்குள்ள கேட்டா நம்ம பேரன் சம்பளத்தையும் சேத்துக் கேக்கறாங்க. சானமாவுப் பக்கம் ஒண்ணு பாத்தோம், விலை கம்மிதான். ஆனா யானை வருதாம்."

"யானை வந்தாக்கூடப் பரவால்லீங்க மேடம், என்னைக்கோ ஒரு நாள் வந்துட்டுப் போயிரும்" என்றார் ஷமீமா. "இந்த புரோக்கருங்கதான் டெய்லி வர்றாங்க."

சிரித்தோம். பிறகு தாள்களைப் பார்த்தேன். உத்தனப்பள்ளியைச் சேர்ந்த திம்மராயப்பா என்ற விவசாயியின் வீடு. முன்பணம் கொடுத்து, மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். வங்கி கடன் தர இசைந்திருந்தது. ஆனால் வாங்குபவர் தம் பங்காக ஒரு தொகையை முதலில் காட்ட வேண்டும். அத்தொகைக்கு அன்வர் நம்பியிருந்தது பி.எஃப். மட்டுமே. தவணைக்குள் பதிவு நடக்காவிட்டால் முன்பணம் திரும்பாது. அப்பகுதியில் விலை ஏறிக்கொண்டிருந்த வேகத்தில், அதே விலைக்கு வேறு வீடும் கிடைக்காது.

விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றினேன். ஏற்கப்படவில்லை. அப்போதிருந்த விதிப்படி, வீடு வாங்கப் பணம் எடுக்க ஐந்தாண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அன்வருக்கு நான்கு ஆண்டும் இரண்டு மாதமும்தான் ஆகியிருந்தன.

"இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் வேலை செஞ்சியா?"

அன்வர் மனைவியைப் பார்த்தார். "மூணு வருசங்க. அத்திப்பள்ளியில, ஒரு காண்ட்ராக்ட்டுல."

"சேரும்போது புதுசுன்னு சொன்னியே?"

"நான் எங்கீங்க சொன்னேன்? புதுசுதானேன்னு நீங்க கேட்டீங்க, ஆமான்னேன்."



"மேடம், நான் வந்துங்க..." என்று ஷமீமா ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"கொஞ்சம் இரும்மா. முதல்ல இவரு கணக்கை ஒழுங்கு பண்ணிக்கலாம்" என்றேன். பழைய மூன்றாண்டைப் புதிய நான்காண்டோடு இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எனக்கு அப்போது பட்டது.

3. சேஃப்டி ஷூ

பழைய எண்ணைத் தேடிப் பிடித்தோம். அன்வர் வேலையிலிருந்து விலகிய தேதி அதில் ஏற்றப்படவே இல்லை. எங்கள் எந்திரத்தில் நான்கு ஆண்டுகளாக நிற்கும் மனிதர், அரசின் பதிவேட்டில் இன்னும் அத்திப்பள்ளியிலும் வேலை செய்துகொண்டிருந்தார். விலகிய தேதி இல்லாமல் கணக்கை மாற்ற முடியாது. பழைய கணக்கில் இருந்த கைப்பேசி எண்ணும் தொலைந்துபோயிருந்ததால் அன்வரே அதை ஏற்றவும் வழியில்லை. பழைய ஒப்பந்தக்காரர்தான் ஏற்ற வேண்டும்.

பிழையில் எனக்கும் பங்கு இருந்ததால் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அன்வரோடு பேருந்து ஏறினேன். ஒப்பந்தக்காரரின் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். என்னை மரியாதையோடு வரவேற்றார்.

"பன்னி மேடம், கூத்கொள்ளி" என்று, வந்து உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டியவர், என் பின்னால் வந்தவரைக் கண்டதும் எழுந்துவிட்டார். "ஏய், நீனா? சொல்லாம கொள்ளாம ஹோயிட்டே! மறுநாள் லைன்ல ஆள் இல்லேன்னு கம்பெனிக்காரன் என்னைத் திட்டின திட்டு இருக்கே, என் மாமனார்கூட அப்படித் திட்டினதில்ல!"

"தப்புதாங்க சார். டேட் ஆஃப் எக்ஸிட் மட்டும் போட்டுக் குடுத்திருங்க" என்றார் அன்வர்.

"போடறேன். ஷூ எல்லி, எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. "எந்த ஷூ?" என்றேன்.

"சேஃப்டி ஷூ மேடம். ஒரு ஜோடி ஷூ, ரெண்டு யூனிஃபார்ம், ஒரு ஐ.டி. கார்டு. வாபஸ் குடுத்தா கிளியரன்ஸ். கிளியரன்ஸ் ஆனாத்தான் எக்ஸிட்."

"சார், அது அப்பவே அடி பிஞ்சிருச்சுங்க சார்."

"பிஞ்ச ஷூவைக் குடு."

"நாலு வருசம் ஆச்சுங்களே!"

"நாலு வருசமா? ரெக்கார்டுல நீ இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கே."

விலையைக் கொடுத்துவிடுகிறோம் என்றேன். பணமாக வாங்கினால் ஆடிட்டர் கேள்வி கேட்பார் என்றார். அந்த வாரமே ஓசூரில் ஒரு ஜோடி புதிய காலணி வாங்கிக்கொண்டு மீண்டும் போனோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தாம் கொடுத்ததைவிட இது நல்ல காலணி என்று ஒப்புக்கொண்டு, உள்ளறையில் வைத்துப் பூட்டினார். பிறகுதான், தம் மின்னணுக் கையெழுத்து காலாவதியாகிவிட்டது என்றும், புதுப்பிக்க ஒரு வாரமாகும் என்றும் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு நண்பரைக் கேட்டேன். வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள் என்றார். முறையிட்டேன். ஒப்பந்தக்காரரை அணுகுமாறு பதில் வந்தது. பல ஆண்டுகள் இதே மேசையில் இருந்த நான், வழி தெரியாதவளைப் போல ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு அலைந்தேன். இதற்குள் இரண்டு மாதங்கள் போய்விட்டன.

திம்மராயப்பா ஒரு நாள் அன்வரைத் தேடித் தொழிற்சாலை வாசலுக்கே வந்தார். காவலர் அறைக்கு வெளியே நின்று பேசினார். கடுமை இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"பக்கத்து வீடு என்ன ரேட்டுக்குப் போச்சுன்னு தெரியுமா தம்பி? என் மகன் தினம் என்னைத் திங்கறான். நான் பேச்சு மாற மாட்டேன். தேதி வரைக்கும் அது உன் வீடு. தேதி தாண்டிருச்சுன்னா அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சுது. அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

4. ஆறாண்டு

தவணை முடியப் பதினான்கு நாள்கள் இருந்தபோது இருவரும் மறுபடி என் மேசைக்கு வந்தனர். அன்வர் சோர்ந்திருந்தார்.

"விட்டுறலாமுங்க மேடம். முன்பணம் போனாப் போவுது. வாடகைக்கே இருந்துக்கறோம்."

ஷமீமா என்னை நேராகப் பார்த்தார். "மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? என் பி.எஃப்.லேர்ந்து எடுத்தா செல்லாதுங்களா?"

"நீ எத்தனை வருசமா வேலைக்குப் போறே?"

"ஆறு வருசங்க. ஒரே கம்பெனி. நடுவுல நின்னதே இல்ல."

வீடு உறுப்பினர் பேரிலோ, கணவன் அல்லது மனைவி பேரிலோ, இருவர் பேரிலுமோ இருக்கலாம் என்ற விதியை நான் எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். அந்த விதிக்குள் ஷமீமாவும் வருவார் என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"முதல் நாளே சொல்ல வந்தேங்க. இருன்னீங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஷூ வாங்கப் போயிட்டீங்க."

அன்வர் வியப்போடு மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கு வீட்டுக்கு ஆகற அளவுக்கா இருக்குது? என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? போன வருசம் நான் சொன்னப்ப, அது உன் காசு, அது கிடக்கட்டும்னீங்க. வீட்டுக்கு ஆம்பளைங்க கணக்குலதான் குடுப்பாங்களோ என்னவோன்னு நானும் இருந்துட்டேன்."

என் மேசையின் எதிரே அமர்ந்து தம் கைப்பேசியிலேயே அவர் விண்ணப்பித்தார். அவருடைய பி.எஃப். எண்ணில் ஆதார் இணைந்திருந்தது. ஐந்தாண்டுக் கட்டத்தைக் கணினி மறுப்பின்றிக் கடந்தது. எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆகவில்லை. ஒன்பதாம் நாள் பணம் வந்தது. கொஞ்சம் குறைந்தது, அதற்கு இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. வங்கியில் ஷமீமாவையும் கடன்தாரராகச் சேர்த்தனர். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டு பேரும் சம்பாதிக்கும்போது தொடக்கத்திலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று வங்கி அலுவலர் என்னைக் கேட்டார்.

தவணைக்கு முந்தைய நாள் பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் அழைத்திருந்தனர். பத்திரம் எழுதுபவர் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டார். திம்மராயப்பா அன்வரைக் காட்டினார்.

"இல்லீங்க, அவங்க பேரையே முதல்ல போடுங்க" என்றார் அன்வர். "எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. வேலையிலயே ரெண்டு எடத்துல இருக்கேன், பத்திரத்துல ரெண்டாவதா இருந்துட்டுப் போறேன்."

"சம்பளம் மட்டும் ஒரு எடத்துலதான் வருது" என்றார் ஷமீமா. கறுப்பு மை பூசிய கட்டைவிரலைத் துடைத்தபடி திம்மராயப்பாவும் சிரித்தார்.

5. இப்போது இந்த மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு

மேலே நான் சொன்ன விதிகளை விதிநூலாகக் கொள்ள வேண்டா. அவை மாறியிருக்கின்றன, இன்னும் மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் "புதுசுதானே?" என்று கேட்காதீர்கள். "இதற்கு முன் எங்கே?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமென்று தலையாட்டிவிடலாம். இரண்டாவதற்கு வாய் திறந்து ஏதேனும் சொல்லியாக வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் இருவருடைய கணக்கையும் பாருங்கள். நம் ஓசூரில் நீலக் கோட்டு அணிந்து அதிகாலைப் பேருந்துக்கு நிற்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

அன்வர் வீட்டுக்குப் பால் காய்ச்சப் போய்வந்த அன்று, எனக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிகுதியாக இருந்தது. அவர்களுக்கு முன்பும் பலர் வீட்டுக்காக என்னிடம் வந்திருக்கிறார்கள். ஐந்தாண்டு நிறையவில்லை என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினேன். விதிப்படி நான் சொன்னதில் பிழை இல்லை. அவர்களுள் எத்தனை பேர் அந்த வீட்டை இழந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் பலர் மனைவியோடு வந்திருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. அப்பெண்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், உட்கார மட்டும் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.