கரிமூட்டத்தில் கேட்ட ஒற்றைக் குரல்

பிள்ளைகளா, உங்கள் மாமாவின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கியிருப்பது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது நானும் மாமாவும் திருச்சுழி ரோட்டுப் பக்கம், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் கரிமூட்டம் போட்டிருந்தோம். சீமைக்கருவேல விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டால் நாள்கணக்கில் புகைந்து கரியாகிக்கொண்டு கிடக்கும். மண் எங்காவது வெடித்தால் காற்று புகுந்து விறகெல்லாம் சாம்பலாகிவிடும். உடனே சேறு வைத்து அடைக்க வேண்டும்.

அன்றைக்கு நல்ல உச்சி வெயில். முந்தின மூட்டத்துக் கரியை ஏற்ற, பந்தல்குடியிலிருந்து வண்டிக்காரர் வந்திருந்தார். மர நிழலில் எங்களோடு உட்கார்ந்தவர் கரையையே பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கண்மாயிலயா மூட்டம் போட்டிருக்கீக? தெரிஞ்சுதான் போட்டீகளா?"

"என்னத்தத் தெரியணும்?" என்றார் மாமா.

"முன்ன ஒருத்தரு இங்க வயலுக்குக் கரம்பை மண்ணு வெட்ட இறங்குனாராம். கூட வந்தவுக சாப்பிடக் கரை ஏறிட்டாக. இதே உச்சி நேரந்தான். பொண்டாட்டி குரல்ல ஒரு கூப்பாடு. ஒரே தரம். இவரு 'என்ன புள்ள'ன்னு கேட்டிருக்காரு. சாப்பிட்டவுக வந்து பாத்தா மம்பட்டி நட்டமா நிக்குது. காம்புல வேர்வை காயல. ஆளக் காணோம். அந்தப் பொம்பள அன்னைக்கு அருப்புக்கோட்டையில இருந்திருக்கு. அதுலருந்து இந்தப் பக்கம் ஒத்தக் குரலுக்கு யாரும் 'ஏன்'னு கேக்க மாட்டாக. மனுசன்னா மூணு தரம் கூப்பிடுவான். அதுக்கு ஒரு தரந்தான் வாய் வரும்."

மாமா என்னைக் காட்டிச் சிரித்தார். "எங்கக்கா குரல்ல கூப்பிட்டா மச்சான் மூணு தரத்துக்கும் போக மாட்டாரு. அவருக்குப் பயமில்ல."

சொல்லிவிட்டு, சேற்றுச் சட்டியோடு மூட்டத்துக்கு அந்தப் பக்கம் போனார். குவியல் அவரை மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், "மச்சான்!"

ஒரே ஒரு முறை. குரல் மாமாவுடையதுதான். ஆனால் தரைக்கு அடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். வாயில் போட்ட வெற்றிலையை அவர் மெல்லவில்லை. அடுத்த குரலுக்காகக் காத்திருந்தோம். ஒரு பீடி பாதி எரிகிற நேரம் இருக்கும். வரவே இல்லை.

அப்புறந்தான் கவனித்தேன். மூட்டத்தின் உச்சியில் வெள்ளையாக வந்த புகை கறுப்பாக மாறியிருந்தது. மண் எங்கோ உடைந்து காற்று புகுந்திருக்கிறது. பேயாவது ஒன்றாவது என்று ஓடினேன்.

மாமா கால் வைக்கப் பலகை போடாமல் அந்தப் பக்கச் சரிவில் ஏறியிருக்கிறார். மண் உள்வாங்கி, வலது கால் முழங்கால்வரை இறங்கி, விறகுகளுக்கிடையில் மாட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்தபடி, நாங்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைப் போட்டு இரண்டு பேருமாக இழுத்தோம். அதே வண்டியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் காலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

கட்டுப் போட்டுப் படுக்கவைத்த பிறகு கேட்டேன். "ஏன் மாப்ளே, இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"எதுக்குக் கூப்பிடணும்? மொதத் தரத்துக்கே 'வாரேன் மாப்ளே'ன்னு சொன்னீகளே. அதான் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்திருந்தேன். சொல்லிட்டு ஏன் மச்சான் இம்புட்டு நேரம்?"

வண்டிக்காரர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார். கண்மாயில் அந்தக் குரலுக்கு நாங்கள் இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

இதை மாமாவிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். நீங்கள் ஒரு தரம் 'அப்பா' என்றதும் சோற்றுக் கையோடு ஓடி வருகிறேன் என்று சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு முந்தி, என் குரலில் வேறெதுவும் உங்களுக்குப் பதில் சொல்லிவிடக் கூடாது.